ஹங்கேரி நாட்டுப்புற நடனத்தை நவீன மேடை நிகழ்ச்சியோடு கலந்தால் அதன் மரபு கெட்டுப்போகாதா?

கெட்டுப்போகலாம். ஆனால் பலரும் பயப்படுகிற வண்ண விளக்குகளாலோ, மின் கிதாராலோ, ஜீன்ஸ் போட்டு ஆடுகிறவர்களாலோ அல்ல. புடாபெஸ்டில் வேலை பார்த்த காலத்தில் இந்த நடனங்களைப் பார்க்கவும், ஓரமாக நின்று தத்துப்பித்தென்று ஆடவும் அடிக்கடி போனவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஊரில் இதை எப்படி ஆடினார்கள் என்று பார்க்க வேண்டும். இன்று ருமேனியாவில் இருக்கும் திரான்சில்வேனியாவில் கலோதசெக் என்றொரு பகுதி. அங்கே லெகேன்யெஷ் என்பது வாலிபர்கள் ஆடும் நடனம். ஆடுகிறவன் வாத்தியக்காரர்களுக்கு நேர் எதிரே போய் நிற்பான்; கூட்டத்துக்குப் பெரும்பாலும் அவன் முதுகுதான் தெரியும். விரல் சொடுக்குவது, குதிப்பது, பூட்ஸ் மேல் உள்ளங்கையால் அறைவது என்று சின்னச் சின்னத் துண்டுகள் அவனிடம் நிறைய இருக்கும். அடுத்து எதை எடுப்பது என்பதை அந்த நொடியில்தான் முடிவு செய்வான். தலைமை வயலின்காரரான ப்ரீமாஷின் கண் அவன் காலிலேயே இருக்கும். பக்கத்தில் வயோலா போன்ற கோன்ட்ரா வாசிப்பவர். அந்த வாத்தியத்துக்கு மூன்றே தந்தி. தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற மரத்துண்டு தட்டையாக இருப்பதால் வில்லை வைத்தால் மூன்றும் ஒன்றாக ஒலிக்கும். தாளத்தை நெம்பித் தள்ளுவது அதுவும் டபுள் பாஸும்தான். நம் கச்சேரியில் மனோதர்மம் என்கிறோமே, அது இங்கே காலில் நடக்கிறது.

இதை மேடைக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? முதல் வேலையாக ஆடுகிறவனைப் பார்வையாளர் பக்கம் திருப்பிவிடுவார்கள். பிறகு ஒருவன் ஆடியதைப் பதினாறு பேர் ஒரே மாதிரி ஆட வேண்டும் என்பார்கள். 1951இல் தொடங்கிய ஹங்கேரிய அரசு நாட்டுப்புறக் கலைக்குழு கிட்டத்தட்ட இந்த வழியில்தான் போனது. சோவியத் யூனியனின் மொய்செயெவ் நாட்டுப்புற நடனக் குழு அன்று எல்லோருக்கும் முன்மாதிரி: பெரிய இசைக்குழு, பாடகர் குழு, ராணுவ அணிவகுப்பு போன்ற ஒழுங்கு. அந்தக் குழுவின் நடன இயக்குநர் மிக்லோஷ் ராபாய் அமைத்த அந்தக் கால நடனங்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அவற்றில் திறமை இருக்கிறது. ஆனால் ஆடுகிறவருக்கு முடிவெடுக்க அங்கே எதுவும் மிச்சமில்லை.

திருப்பம் 1972 மே 6 அன்று புடாபெஸ்டின் லிஸ்ட் ஃபெரென்ஸ் சதுக்கத்தில் ஒரு புத்தக கிளப்பில் நடந்தது. நான்கு அமெச்சூர் குழுக்களின் நடனக்காரர்கள் பார்வையாளர்களே இல்லாமல் தங்களுக்காக ஆடினார்கள். வாசித்தவர்கள் ஃபெரென்ஸ் ஷெபோ, பேலா ஹல்மோஷ். இருவரும் கட்டடக்கலை படித்தவர்கள். இதற்கு முன்மாதிரி, திரான்சில்வேனியாவின் சேக் கிராமத்து நடன வீடு, அதாவது ஊரார் கூடி ஆடும் இடம். பின்னால் இருந்தவர்கள் நடன ஆய்வாளர் ஜியோர்ஜ் மார்ட்டினும் நடன இயக்குநர் ஷாந்தோர் தீமாரும். அசைவுகளை மனப்பாடம் செய்ய வைக்காமல், ஒரு மொழியைப் போல நடனத்தைக் கற்றுக்கொடுங்கள், பேசுவதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் தீமாரின் முறை. சீக்கிரமே பொதுமக்களும் வந்தார்கள். 2011இல் யுனெஸ்கோ இந்த நடன வீட்டு முறையை நல்ல பாதுகாப்பு முறைகளின் பதிவேட்டில் சேர்த்தது.

உங்கள் கேள்விக்கு இதில் முக்கியமானது, 1981இல் தீமாரே அந்த அரசுக் குழுவின் தலைமைக்கு வந்தார் என்பது. எல்லோரும் சேர்ந்து ஆடும் பகுதிகள் அப்போதும் இருந்தன. ஆனால் அவற்றுக்கு நடுவே ஆளுக்கு ஆள் வேறுபடவும் இடம் கிடைத்தது.

அதனால் ஒரு நவீன நிகழ்ச்சியைப் பார்க்கும்போது நான் கவனிப்பது உடையை அல்ல, வாத்தியக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை. மேடையிலேயே, ஆடுகிறவர் கண்ணில் படும்படி இருந்தால் பாதிக் கவலை போய்விடும். சுற்றுலாப் பயணிகளுக்கான ஒரு நிகழ்ச்சியில் பூவேலைப்பாட்டு உடையெல்லாம் அசல், பாட்டு மட்டும் பதிவு செய்தது. சார்தாஷ் மெல்லத் தொடங்கி வேகம் கூட வேண்டிய நடனம். அந்த வேகத்தை முன்கூட்டியே கணினியில் பூட்டிவிட்டார்கள். ஜோடிகள் அதைத் துரத்திக்கொண்டிருந்தார்கள், பாவம்.

நேர்மாறான உதாரணம் இசையில் உண்டு. முஜிகாஷ் என்ற நாட்டுப்புற இசைக்குழுவினர் ஓர் இசைத்தட்டில், ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக் கிராமங்களில் மெழுகு உருளையில் பதிந்த பழைய குரல்களையும், அவர் எழுதிய இரண்டு வயலின்களுக்கான துண்டுகளையும், தங்கள் கிராமிய வாசிப்பையும் அடுத்தடுத்து வைத்தார்கள். எதையும் குழைத்துக் கூழாக்கவில்லை. மூன்றும் தனித்தனியாகக் கேட்கும், உறவும் புரியும். கலப்பு என்றால் எனக்கு இதுதான் பிடிக்கும். மின்தாளத்தின் மேல் ஒரு நாட்டுப்புற மெட்டைத் தூவுவதெல்லாம் இரண்டாவது முறை கேட்கத் தோன்றாது.

புடாபெஸ்ட் போகிற வாய்ப்பு கிடைத்தால் மரபு இல்லத்தில் அரசுக் குழுவின் நிகழ்ச்சி ஒன்றைப் பாருங்கள். பிறகு ஃபோனோ என்ற இசை அரங்கம் போன்ற இடத்தில் நடன வீட்டுக்கும் போங்கள். பல இடங்களில் தொடக்கத்தில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணி மட்டும் வேண்டாம், சுழலும்போது தரையைப் பிடித்துக்கொண்டு முட்டியைப் பதம் பார்த்துவிடும்.