வயதான நாய்க்கு நீவிவிடலாமா?

கேள்வி: எங்கள் லப்ரடோர் நாய்க்கு 11 வயதாகிறது. சில மாதங்களாகக் காலையில் எழும்பும்போது பின்னங்கால்கள் விறைத்து நிற்கின்றன. சற்று நடந்ததும் சரியாகிவிடுகிறது. வீட்டிலேயே மசாஜ் செய்யலாமா? நாங்கள் பூசும் நோவு பாமைத் தேய்த்துவிடலாமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: பாம் வேண்டவே வேண்டாம். அத்தகைய பூச்சுகள் பலவற்றிலுள்ள கற்பூரமும் மெதைல் சலிசிலேற்றும், நாய் தன் உடம்பை நக்கும்போது உள்ளே போய் நஞ்சாகக்கூடியவை. நமக்கான பரசிற்றமோல், இபுபுரொஃபன் மாத்திரைகளும் அதற்கு ஆபத்தானவை. மசாஜுக்கு எண்ணெய்கூடத் தேவையில்லை, வெறுங்கை போதும்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் மூட்டுவாதத்தில் பொதுவாகக் காணப்படுபவை. லப்ரடோர் இனத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வருவதும் உண்டு. ஆனால் உண்ணிகளால் பரவும் காய்ச்சலும் மூட்டுகளை நோகச் செய்து நாயை நொண்ட வைக்கக்கூடும் என்பதால், மிருக வைத்தியரிடம் காட்டி, நோவின் காரணத்தை அறிந்த பின்னரே தொடங்குங்கள். காய்ச்சல், புண், தோல் தொற்று, எலும்பு முறிவு, இன்னதென்று தெரியாத கட்டி ஆகியவை இருந்தால் மசாஜ் கூடாது.

தேய்ந்துபோன குருத்தெலும்பை மசாஜ் திரும்ப வளர்க்காது. அதன் பயன் தசைகளுக்கே. பின்னங்கால் நோகும் நாய் தன் பாரத்தை முன்பக்கம் சாய்த்துக்கொள்வதால், நோவு இடுப்பில் இருந்தாலும் கழுத்தும் தோள்களும் இறுகிக் கிடக்கும். பலர் இடுப்பை மட்டுமே தேய்க்கிறார்கள். தோள்களிலிருந்து தொடங்குவதே நல்லது என்பேன். நாய் சாப்பிட்டவுடன் அல்லாமல், அது தானாகச் சாய்ந்து படுத்திருக்கும் அமைதியான நேரத்தில், உள்ளங்கையை விரித்து, மயிர் படியும் திசையில் மெதுவாகத் தடவிக் கையின் சூட்டுக்கு அதைப் பழக்குங்கள். பிறகு தோள் தசைகளை விரல்களால் வட்டமாக நீவி, முதுகெலும்பின் மேல் அழுத்தாமல் அதன் இரு பக்கத் தசைகள் வழியாகத் தொடைவரை வாருங்கள். தொடையில் இதயத்தை நோக்கி மேல்முகமாக நீவுவது வழக்கம். மூட்டின் மேல் அழுத்தவோ காலை இழுத்து நீட்டவோ வேண்டாம். 10 நிமிடம் தாராளமாகப் போதும்.

எவ்வளவு அழுத்தலாம் என்பதை நாயே சொல்லும். உடல் தளர்ந்து, மூச்சு ஆறுதலாக வந்தால் தொடருங்கள். உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்புதல், உடலை விறைத்துக்கொள்ளுதல், உங்கள் கையைத் திரும்பிப் பார்த்தல் ஆகியவை "போதும்" என்பதற்கான அடையாளங்கள். உறுமும்வரை காத்திருக்க வேண்டாம். எழுந்து போனால் போகவிடுங்கள், பிடித்து வைத்துச் செய்வது மசாஜ் ஆகாது.

தொடர்மாடி வீடுகளின் வழுக்கும் டைல்ஸ் தரை இத்தகைய நாய்களுக்குப் பெரும் தொல்லை. அது நடமாடும் இடங்களில் றப்பர் விரிப்புப் போடுங்கள். உடல் பருத்திருந்தால் எடையைக் குறைப்பது மசாஜைவிடப் பலன் தரும். நீண்ட நடைக்குப் பதிலாகக் காலையும் மாலையும் குறுகிய நடைக்கு அழைத்துச் செல்லுங்கள். நீவும்போது புதிய வீக்கமோ கட்டியோ வழக்கத்துக்கு மாறான சூடோ கையில் தட்டுப்பட்டால், அத்துடன் நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.