நிதி நெருக்கடியில் தவிக்கும் பல்கலைக்கழகத்தில் கொள்முதல் பிரிவால் என்ன செய்ய முடியும்?

"பல்கலைக்கழகத்தில் பணமில்லை, புதிதாக எதுவும் வாங்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்துவிட்டது. இந்த நிலையில் கொட்டேஷன் வாங்கிக் கோப்பு கட்டுவதைத் தவிரக் கொள்முதல் பிரிவுக்கு என்ன வேலை இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறைய வேலை இருக்கிறது. பணம் இருக்கும் காலத்தைவிட இல்லாத காலத்தில்தான் அந்தப் பிரிவு அதிகம் தேவைப்படும். நான் ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் ஒரு உயர்கல்வி நிறுவனத்தின் ஸ்டோர்ஸ் பிரிவில் 14 வருடம் வேலை பார்த்தவன், சொந்த ஊர் தேவிபட்டினம் பக்கம். அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் உப்புக்காற்று இருக்கும். சென்னையிலோ கோவையிலோ இருப்பவர்களுக்குச் சில விவரங்கள் மாறலாம்.

நெருக்கடி என்றால் முதலில் என்ன நடக்கிறது? சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் கை வைக்க முடியாது. கட்டணத்தை ஏற்ற முடியாது, ஏற்றவும் கூடாது. எங்கள் பக்கத்தில் கடலுக்குப் போகிறவர் வீட்டிலிருந்தும் உப்பளத்தில் வேலை செய்கிறவர் வீட்டிலிருந்தும் முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளைகள் அதிகம். மிச்சமிருப்பது வாங்குகிற பொருள்கள்தான், உடனே "எல்லாத் துறையும் 20 சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று நிதிக்குழு சொல்லிவிடும். எழுதுவதற்கு ஒரு வரிதான், ஆனால் லேப்பில் அதன் பலன் என்ன தெரியுமா? 5 லட்ச ரூபாய் கருவிக்கு 8,000 ரூபாய் ரீஏஜென்ட் (சோதனைக்கு ஊற்றும் ரசாயனம்) இல்லாமல் ஒரு செமஸ்டர் முழுக்கத் துணி போர்த்தி வைத்திருப்பார்கள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், இதைச் சிக்கனம் என்று என்னால் சொல்ல முடியாது.

எது உண்மையான சிக்கனம் என்பதை எனக்குப் புரியவைத்தது ஒரு ஏசி டெண்டர். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள கட்டடம், கருவி அறைகளுக்கு ஆறு ஸ்பிளிட் ஏசி தேவைப்பட்டது. டெண்டர் விட்டோம், எல்-1, அதாவது குறைந்த விலை சொல்லி முதலில் வந்தவருக்கு ஆர்டர் போனது, ஒரு ஏசிக்குக் கிட்டத்தட்ட 4,000 ரூபாய் மிச்சம் என்று ஒப்பீட்டுப் பட்டியலில் நானே கையெழுத்துப் போட்டேன். இரண்டு மழைக்காலம் போனது. ஒரு நாள் மொட்டை மாடியில் ஏறி, கடலைப் பார்த்து நிற்கும் அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கத் தகடுகளை விரலால் தொட்டுப் பார்த்தேன், அடுப்புச் சாம்பல் மாதிரி உதிர்ந்தது. ஸ்டாண்டில் மாட்டிய போல்ட்டில் ஸ்பேனரை வைத்துத் திருப்பினால் தலை மட்டும் கையோடு வந்தது. ராமநாதபுரத்திலிருந்து வந்த மெக்கானிக் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "அண்ணே, கடற்கரைக்குக் கோட்டிங் போட்ட செம்புக் காயில்னு நீங்க டெண்டர்ல எழுதியிருக்கணும்." நாங்கள் எழுதவில்லை. எழுதாததை விற்பவர் ஏன் தரப்போகிறார்?

என் அப்பா நாட்டுப்படகு வைத்திருந்தவர். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை, ஆனால் படகுக்குச் சாதா இரும்பு போல்ட் ஒன்றுகூட வாங்கியதில்லை, கடன் வாங்கியாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் போடுவார். "கரையில மிச்சம் பிடிச்சா கடல்ல கொடுக்கணும்டா" என்பார். எங்கள் கோப்பில் இல்லாமல் போனது அவருடைய அந்தக் கணக்குதான்.

எல்-1 மேல் எனக்குக் கோபம் இல்லை. பொதுப் பணத்தில் வாங்கும்போது அந்த ஒழுங்கு வேண்டும், தமிழ்நாட்டில் 1998-இல் டெண்டர் வெளிப்படைத்தன்மைக்கென்று தனிச் சட்டமே வந்தது. ஆனால் எல்-1 என்பது நாம் எழுதிய விவரக்குறிப்புக்குப் பொருந்தி வந்தவர்களில் குறைந்த விலை, அவ்வளவுதான். விவரக்குறிப்பு ஓட்டையாக இருந்தால் எல்-1 அந்த ஓட்டை வழியாகத்தான் வரும். டெண்டரைத் திறந்த பிறகு புது நிபந்தனை சேர்க்க முடியாது. ஆகவே கொள்முதலில் மூளையைச் செலவழிக்க வேண்டிய இடம் டெண்டருக்கு முன்னால், துறைகள் இன்டென்ட் (தேவைப் பட்டியல்) எழுதும்போது. இது உண்மையிலேயே தேவையா, பக்கத்துத் துறையில் சும்மா கிடக்கிறதா, சர்வீஸ் ஆள் மதுரையிலிருந்து வருவாரா சென்னையிலிருந்தா, ஐந்து வருட ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) எவ்வளவு, என்ன கெமிக்கல் குடிக்கும், கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்றெல்லாம் கேட்க வேண்டியது அப்போதுதான். பெரும்பாலான இடங்களில் பேராசிரியரும் கம்பெனி ஆளும் பேசி முடித்த பிறகு காகிதம் எங்கள் மேசைக்கு வரும். அதற்கப்புறம் நாங்கள் விலையில் 3 சதவீதம் குறைக்கச் சொல்லிக் கெஞ்சலாம், வேறு ஒன்றும் செய்ய முடியாது. நிதிக்குழு கூடும்போதும் துறைகள் திட்டம் போடும்போதும் கொள்முதல் ஆள் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

உட்கார்ந்திருந்தால் என்ன வித்தியாசம் என்பதற்கு ஒரு உதாரணம். 2022 ஜூலை 18-க்கு முன்பு ஆராய்ச்சிக்காக வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு, சான்றிதழ் காட்டினால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள், பல கருவிகளுக்கு 18 சதவீதம் ஆனது. 10 லட்ச ரூபாய் கருவிக்கு 50,000 கட்டிய இடத்தில் 1,80,000. பழைய கணக்கில் புராஜெக்ட் எழுதியவர்களுக்கு அந்த 1,30,000 எங்கிருந்து வரும்? எழுதும் நாளிலேயே ஸ்டோர்ஸில் ஒரு வார்த்தை கேட்டால் தீர்கிற விஷயம் இது.

மார்ச் மாதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நிதி காலாவதியாகிவிடும் என்ற பயத்தில் மார்ச் கடைசி வாரத்தில் கருவிகள் வந்து இறங்கும், அறை தயாராக இருக்காது, பெட்டியை ஜூலையில் பிரிப்பார்கள். வாரண்டி டெலிவரி தேதியிலிருந்து ஓட ஆரம்பித்திருந்தால் நான்கு மாதம் போச்சு. "நிறுவி இயக்கிக் காட்டிய தேதியிலிருந்து வாரண்டி" என்று ஆர்டரில் ஒரு வரி சேர்க்க ஒரு பைசாகூடச் செலவில்லை.

கடல் ஆய்வு நடக்கிற இடங்களில் படகு வாடகை என்று ஒரு செலவு உண்டு. மாதாமாதம் ஆய்வுக்குக் கடல்நீர் சாம்பிள் எடுக்கப் போக வேண்டும், ஒவ்வொரு தடவையும் மூன்று கொட்டேஷன் வேண்டும். படகுக்காரர் ஜி.எஸ்.டி. பில்லுக்கு எங்கே போவார்? அதனால் பில் கொடுப்பதற்கென்றே இடையில் ஒருவர் வருவார், படகுக்காரர் கைக்குப் போகும் தொகை குறையும், நாம் கொடுக்கும் தொகை ஏறும். நாங்கள் கடைசியில் மீனவர் சங்கத்தோடு உட்கார்ந்து வருடத்துக்கு ஒரே வாடகை பேசி, சங்க ரசீதிலேயே பணம் கொடுக்க அனுமதி வாங்கினோம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை இருப்பதால் அந்த மாதங்களுக்கு நாட்டுப்படகு என்று முன்கூட்டியே எழுதிவைத்தோம். இடையில் இருந்தவர் போனார். மாணவர்கள் கரையில் காத்திருந்து திரும்பி வருவதும் நின்றது. எனக்கு அந்தப் பதினான்கு வருடத்தில் ரொம்பப் பிடித்த கோப்பு அது.

சேர்ந்து வாங்குவது அடுத்த விஷயம். விற்பவர் ஒரே ஆளாக இருந்து வாங்குபவர்கள் சிதறிக் கிடந்தால் விலை அவர் சொல்வதுதான், ஆய்விதழ்ச் சந்தாவில் இது வருடக்கணக்காக நடந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2019 பிப்ரவரியில் எல்செவியர் என்ற ஆய்விதழ்ப் பதிப்பகத்தோடு பேச்சை முறித்துக்கொண்டு வெளியே வந்து, 2021 மார்ச்சில்தான் புது ஒப்பந்தம் போட்டது. அதன் எல்லா வளாகங்களும் ஒன்றாக நின்றதால் அது முடிந்தது. நம் நாட்டில் 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை, அரசு நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் ஆய்விதழ்ச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது: மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள். நீங்கள் அரசு நிறுவனத்தில் இருந்தால் இன்றைக்கே நூலகரோடு உட்கார்ந்து, அந்தப் பட்டியலில் இருக்கிற இதழுக்கு நாம் தனியாகவும் பணம் கட்டுகிறோமா என்று பாருங்கள். இதே வழியைச் சின்ன அளவிலும் செய்யலாம். திருவாடானை, முதுகுளத்தூர், கடலாடி, பரமக்குடி என்று எங்கள் மாவட்டத்தில் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன, எல்லோருக்கும் அதே அமிலம், அதே கண்ணாடிக் குடுவை, அதே விடைத்தாள். வருடத்துக்கு ஒரு விலை ஒப்பந்தம் போட்டு அவரவர் தேவைக்கு எடுத்துக்கொண்டால் மதுரையிலிருந்து ஒரே வண்டி வந்து எல்லா இடத்திலும் இறக்கிவிட்டுப் போகும். இது இன்னும் நடக்கவில்லை என்பது எனக்கு வருத்தம்.

பில் பாக்கியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பணமில்லாத நிறுவனம் முதலில் செய்வது சப்ளையர் பில்லை இழுத்தடிப்பது. ஒரு கெமிக்கல் கடைக்காரர் என்னிடம் நேராகவே சொன்னார்: "சார், உங்களுக்குக் கொட்டேஷன் போடும்போதே எட்டு மாச வட்டியையும் சேர்த்துத்தான் போடுறேன்." அவர் மேல் தப்பில்லை. குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, தாமதித்தால் கூட்டு வட்டி. ஒழுங்காகப் பணம் கொடுக்கும் இடம் என்று பெயர் எடுத்தால் டெண்டருக்கு நாலு பேர் கூடுதலாக வருவார்கள், விலை தானாக இறங்கும்.

மின்சாரமும் கொள்முதல்தான், அப்படி யாரும் நினைப்பதில்லை என்றாலும். உயர் அழுத்த இணைப்பு வைத்திருக்கும் வளாகம், அதிகபட்சம் இவ்வளவு இழுப்போம் என்று எழுதிக்கொடுத்த ஒப்பந்தத் தேவையில் 90 சதவீதத்துக்கோ உண்மையில் பதிவானதற்கோ, எது அதிகமோ அதற்குக் கேட்புக் கட்டணம் (டிமாண்ட் சார்ஜ்) கட்ட வேண்டும். 300 கே.வி.ஏ. (அந்தத் தேவையை அளக்கும் அலகு) வாங்கி வைத்துவிட்டு 180-ஐத் தாண்டாத வளாகம் மாதாமாதம் 270-க்குக் கட்டிக்கொண்டிருக்கும். ஒப்பந்தத் தேவையைக் குறைக்க விண்ணப்பம் கொடுத்தால் போதும், எந்தத் துறையின் கையையும் கட்டத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்கிறேன். விவரக்குறிப்பு எழுதும் இடத்துக்குக் கொள்முதல் ஆள் வந்தால், ஒரே கம்பெனிக்குப் பொருந்துகிற மாதிரி எழுதச் சொல்லி அழுத்தமும் அங்கேதான் வரும். தணிக்கையில் மாட்டுவது அப்புறம், அதற்கு முன்பே மற்ற சப்ளையர்கள் நம்மைக் கைகழுவிவிடுவார்கள். தொழில்நுட்பக் குழுவில் வேறு துறைப் பேராசிரியர் ஒருவராவது இருக்கட்டும், விவரக்குறிப்பின் ஒவ்வொரு வரிக்கும் ஏன் என்று காரணம் கோப்பில் இருக்கட்டும். செம்புக் காயில் கேட்டோமா, கடல் எவ்வளவு தூரம் என்று எழுதிவையுங்கள்.

நீங்கள் நாளைக்கே ஏதாவது செய்ய நினைத்தால் கடந்த மூன்று வருட ஸ்டாக் ரெஜிஸ்டர், நிலுவைப் பில் பட்டியல், மின் கட்டண ரசீதுகள் மூன்றையும் ஒரே மேசையில் பரப்புங்கள். ஒரே பொருளை எத்தனை துறை எத்தனை விலைக்கு வாங்கியிருக்கிறது என்று பென்சிலால் குறியுங்கள். நாங்கள் அப்படிக் குறித்தபோது சாதாரண ஏ4 பேப்பர் கட்டுக்கே ஒரே மாதத்தில் ஐந்து விலை இருந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டுதான் நான் முதல் தடவையாக நிதிக்குழு அறைக்குள் போனேன்.