சான்டோவல் ஏன் பாடுகிறார்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜாஸ் பற்றிய உங்கள் கட்டுரைகளைப் படித்த பிறகுதான் கியூபாவின் டிரம்பெட் கலைஞர் ஆர்ட்டுரோ சான்டோவலைக் கேட்கத் தொடங்கினேன். வாசிப்பு மலைக்க வைக்கிறது. ஆனால் அவருடைய கச்சேரிப் பதிவுகளில் ஒன்று எனக்குப் பிடிபடவே இல்லை. நடுவில் டிரம்பெட்டை வைத்துவிட்டுப் பாட ஆரம்பித்துவிடுகிறார். பொருளில்லாத ஒலிகளாகக் கொட்டுகிறார். குரலும் பெரிய குரல் இல்லை. ஒரு வாத்தியத்தில் உச்சத்தைத் தொட்டவருக்கு இது தேவையா? கூட்டத்தைக் குஷிப்படுத்தும் வித்தையாகவே எனக்குப் படுகிறது.

இன்னொரு கேள்வி. அவருக்கு இலவசமாக இசை கற்றுக்கொடுத்தது கியூபா. பேர் வாங்கியதும் நாட்டை விட்டு வெளியேறி, அமெரிக்காவின் உயர்ந்த விருதுகளைப் பெற்றுக்கொண்டார். இது நன்றிகெட்ட செயல் இல்லையா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

பாட்டை எடுத்துவிட்டால் சான்டோவலின் டிரம்பெட்டில் பாதி போய்விடும் என்று நினைப்பவன் நான். ஆகவே உங்களோடு முழுக்கவே முரண்பட வேண்டியிருக்கிறது.

கியூபாவில் டிரம்பெட் எங்கே உட்கார்ந்திருந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அந்நாட்டின் 'சோன்' இசையை ஆரம்பத்தில் வாசித்தவை ஆறு பேர் கொண்ட குழுக்கள்: கம்பி வாத்தியங்கள், போங்கோ என்னும் சிறிய இரட்டை முரசு, மராக்கஸ் என்னும் கிலுகிலுப்பை, தாளத்தைக் காக்கும் இரண்டு கிளாவே குச்சிகள், மேலே குரல்கள். 1920களின் இறுதியில் ஏழாவது ஆளாக டிரம்பெட் வந்து சேர்ந்தது. இக்னாசியோ பின்யேரோ 1927இல் தொடங்கிய 'செப்தேத்தோ நாசியோனால்' இதில் முன்னோடிகளில் ஒன்று. அந்த டிரம்பெட்டுக்குக் கிடைத்த வேலை, பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் நுழைந்து பதில் சொல்வது. பாட்டின் பின்பாதிக்கு 'மொந்துனோ' என்று பெயர். அங்கே பின்பாட்டுக்காரர்கள் ஒரே சிறிய வரியை விடாமல் பாடிக்கொண்டிருப்பார்கள். முன்பாட்டுக்காரர் அப்போது தோன்றியதை இட்டுக்கட்டிப் பாடி அவர்களுக்கு ஈடுகொடுப்பார். சில சுற்றுகள் கழிந்ததும் அவர் ஒதுங்கிக்கொள்ள, அதே இடத்தில் டிரம்பெட் வந்து நிற்கும். பின்பாட்டு அப்படியே தொடரும். பாடகர் செய்துகொண்டிருந்ததைத்தான் டிரம்பெட்டும் செய்யும். அங்கே வளர்ந்த ஒரு டிரம்பெட்காரன், பாடகனின் நாற்காலியில் உட்கார்ந்துதான் தன் தொழிலைக் கற்கிறான்.

கியூபத் தாளமும் ஜாஸும் கலந்த லத்தீன் ஜாஸின் பிறப்பிலும், குரல்-டிரம்பெட் என்ற இதே ஜோடியைப் பார்க்கலாம். ஹவானாவில் கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்த மாரியோ பௌசா நியூயார்க்குக்கு வந்து டிரம்பெட்காரராகி, சிக் வெப்பின் ஜாஸ் குழுவில் இசை இயக்குநராக இருந்தார். பிறகு கேப் கால்லவேயின் குழுவுக்குப் போனார். 1939இல் இளைஞரான டிரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பியை அந்தக் குழுவுக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். 1940இல் மசீட்டோவும் பௌசாவும் சேர்ந்து தங்கள் ஆஃப்ரோ-கியூபன் குழுவை உருவாக்கினார்கள். மசீட்டோ பாடகர், மராக்கஸ் வாசிப்பவர். பௌசா அவருடைய சகோதரியின் கணவர். கியூபத் தாளத்தின் மீது ஜாஸ் வாத்திய அமைப்பை முதன்முதலாக முழுமையாக நிறுத்தியது இந்தக் குழு. டிரம்பெட்டும் குரலும் ஒரே வீட்டில் இருந்தன என்றே சொல்லிவிடலாம்.

1947இல் கில்லெஸ்பி தன் குழுவுக்கு கோங்கா என்னும் உயரமான கியூப முரசை வாசிக்கும் ஒரு கலைஞர் வேண்டும் என்று பௌசாவைக் கேட்டார். பௌசா காட்டிய ஆள் சானோ போசோ. அவருக்கு ஆங்கிலம் வராது, இசைக்குறிப்பு எழுதவும் வராது. அவரும் கில்லெஸ்பியும் சேர்ந்து 'மண்டேகா' என்ற உருப்படியை உருவாக்கியபோது, பாஸ் என்ன வாசிக்க வேண்டும், டிராம்போன்கள் எங்கே நுழைய வேண்டும் என்பதையெல்லாம் சானோ போசோ வாயால் பாடிக்காட்டினார். கேட்டவர்கள் அதைத் தாளில் எழுதிக்கொண்டார்கள். லத்தீன் ஜாஸின் மிகப் புகழ்பெற்ற உருப்படிகளில் ஒன்று, எந்தக் கருவிக்கும் போவதற்கு முன் ஒரு தொண்டையில் இருந்தது. இப்போது சொல்லுங்கள், பாடுவது சான்டோவலுக்கு அந்நியமான வேலையா?

அந்தப் பொருளில்லாத ஒலிகள் 'ஸ்காட்' எனப்படுபவை. அவற்றை ஒரு டிரம்பெட்காரனின் வாய்க்குள் போய்க் கேட்க வேண்டும். டிரம்பெட்டில் ஒலி பிறப்பது குழாயில் அல்ல, உதட்டில். கிண்ணம் போன்ற சிறிய வாய்முனைக்குள் உதடுகள் அதிர வேண்டும். அந்த அதிர்வைத் துண்டு துண்டாக வெட்டி ஸ்வரங்களாக்குவது நாக்கு. வேகமான இடங்களில் வாசிப்பவர் உள்ளுக்குள் 'து-கு-து-கு' என்று சொல்லிக்கொண்டே போகிறார். வேக வாசிப்பைக் கற்கும் மாணவனுக்கு இந்த அசைகளைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். டிரம்பெட்டை எடுத்துவிட்டு அதே நாக்கு அசைவைக் குரலோடு விட்டால் என்ன கிடைக்குமோ, அதுதான் சான்டோவலின் ஸ்காட். ஒரு பதிவில் அவர் ஸ்காட் பாடும் பகுதியையும் அதற்கு முன் வாசித்த பகுதியையும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். தாள வெட்டுகள் ஒன்றாக இருக்கும். கோங்காவுக்கும், டிம்பாலெஸ் என்னும் குச்சியால் அடிக்கும் ஜோடி முரசுக்கும் உரிய சொற்கள்கூட அந்த ஒலிகளில் வந்து போகும்.

இதில் உடம்பும் சேர்ந்திருக்கிறது. சான்டோவலைப் போல மேல் ஸ்தாயியில் சஞ்சரிப்பவர்களுக்கு உதடுதான் மூலதனம். உலோக விளிம்பு உதட்டில் அழுந்த அழுந்த ரத்த ஓட்டம் குறையும், தசை களைக்கும், வீங்கும். லூயி ஆர்ம்ஸ்ட்ராங் உதட்டுப் புண்ணோடும் தழும்போடும் பல ஆண்டுகள் போராடினார். பியானோ கலைஞர் இரண்டு மணி நேரம் விடாமல் வாசிக்கலாம், டிரம்பெட்காரரால் முடியாது. இடையில் பாடினால் உதடு ஓய்வெடுக்கும், இசை நிற்காது. டிரம்பெட்காரர்களில் இத்தனை பேர் பாடகர்களாகவும் இருந்ததற்கு இது ஒரு காரணம் என்றே நான் நம்புகிறேன். ஆர்ம்ஸ்ட்ராங்கும் கில்லெஸ்பியும் பாடினார்கள். செட் பேக்கரைப் பாடகராகவே அறிந்தவர்களும் உண்டு.

நீங்கள் சொன்னதில் ஒன்றை ஏற்கிறேன். நிதானமான காதல் பாடல்களைச் சொற்களோடு நேராகப் பாடும்போது அவர் குரல் எளிய குரல்தான். அங்கே அவரை உயர்ந்த பாடகர் என்று சொல்ல மாட்டேன். உச்ச ஸ்தாயி ஸ்வரங்களையும் சில மேடைகளில் தேவைக்கு மேல் இறைத்துவிடுகிறார். ஆனால் தாளம் கொதிக்கும் இடத்தில் அவர் பாடினால் வாசிப்பவரும் பாடுபவரும் ஒருவர்தான் என்பது தெளிவாகத் தெரியும். அந்த இடத்தில் குரலின் அழகை எடைபோட எனக்குத் தோன்றுவதில்லை.

அவர் வாழ்க்கையில் நான் அடிக்கடி திரும்பிப் போகும் ஒரு நாள் உண்டு. 1977இல் ஜாஸ் கலைஞர்களை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவிலிருந்து ஒரு கப்பல் ஹவானா துறைமுகத்துக்கு வந்தது. அதில் கில்லெஸ்பி இருந்தார். சான்டோவலுக்கு அவர் தெய்வம். கையில் இருந்த பழைய காரை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார். ஆங்கிலம் தெரியாது. தானும் டிரம்பெட் வாசிப்பவன் என்று சொல்லவும் இல்லை. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளுக்கு கில்லெஸ்பியைக் கூட்டிப்போய், தெருக்களில் முரசும் பாட்டுமான ரும்பா இசை வாசிப்பதைக் காட்டினார். கில்லெஸ்பி அவரை ஓட்டுநர் என்றே நினைத்துக்கொண்டார். மாலையில் கியூபக் கலைஞர்களோடு மேடையேறியபோது, பகலெல்லாம் கார் ஓட்டிய இளைஞன் டிரம்பெட்டோடு நிற்பதைப் பார்த்துத் திகைத்துப் போனார். அன்று தொடங்கிய உறவு 1993இல் கில்லெஸ்பி இறக்கும்வரை நீடித்தது. ஒரு முழு நாள் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், தன் ஊரின் தாளத்தைக் கேட்க வைப்பதே போதும் என்று இருந்த அந்த மனிதரை நினைத்தால் எனக்குப் பெரும் மரியாதை வருகிறது. கூட்டத்துக்காக வித்தை காட்டுபவர் என்று நீங்கள் எழுதியதை என்னால் ஏற்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. சான்டோவல் 1949இல் ஆர்த்தெமிசாவில் பிறந்தவர். ஊர் பேண்டில் தொடங்கி, ஹவானாவின் தேசியக் கலைப் பள்ளியில் செவ்வியல் டிரம்பெட் பயின்றார். அரசு கற்றுக்கொடுத்தது என்பது உண்மை. கட்டாய ராணுவ சேவையின்போது அமெரிக்க அரசின் 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வானொலியில் ஜாஸ் கேட்டதற்காக மூன்று மாதத்துக்கும் மேல் அவரைச் சிறையில் வைத்ததும் அதே அரசுதான். பள்ளிக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றால் சிறைக்கு என்ன சொல்வது?

1973இல் பியானோ கலைஞர் சூச்சோ வால்டெஸ், சாக்ஸஃபோன் கலைஞர் பாக்கிட்டோ டி'ரிவேரா ஆகியோரோடு சேர்ந்து 'இராகேரே' குழுவைத் தொடங்கினார். ஆப்பிரிக்க வழிபாட்டுத் தாளங்கள், ஜாஸ், ராக், செவ்வியல் எல்லாம் ஒரே உலையில் கொதித்த குழு அது. அமெரிக்காவில் 1979இல் வெளிவந்த அவர்களுடைய தட்டு கிராமி விருது பெற்றது. அடுத்த சில ஆண்டுகளில் மூவரின் வழிகளும் பிரிந்தன. டி'ரிவேரா 1980இல் ஸ்பெயினில் தஞ்சம் கேட்டார். சான்டோவல் 1981இல் குழுவை விட்டு விலகித் தனிக்குழு அமைத்தார். வால்டெஸ் கியூபாவிலேயே இருந்து இராகேரேவை நடத்தினார். இத்தனைக்கும் அவருடைய தந்தை பெபோ வால்டெஸ் 1960இலேயே நாட்டை விட்டுப் போனவர். ஒரே குடும்பத்தில் தந்தை போனார், மகன் இருந்தார். இருவரும் மேதைகள். யார் நன்றியுள்ளவர் என்று தீர்ப்பளிக்க நான் துணிய மாட்டேன்.

சான்டோவல் 1990இல் கில்லெஸ்பியின் 'யுனைடெட் நேஷன் ஆர்கெஸ்ட்ரா'வோடு ஐரோப்பாவில் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது அமெரிக்கத் தூதரகத்தில் தஞ்சம் கேட்டார். மனைவியும் மகனும் அப்போது லண்டனில் இருந்தார்கள். குடும்பத்தைப் பிரியாமல் போக வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வேளைக்குக் காத்திருந்தார். அமெரிக்காவும் அவரைச் சிவப்புக் கம்பளம் விரித்து வரவேற்றுவிடவில்லை. முன்பு கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராக இருந்தார் என்று காரணம் காட்டி, அவருடைய குடியுரிமை விண்ணப்பத்தை முதலில் மறுத்தார்கள். 1990களின் இறுதியில்தான் கிடைத்தது. நீங்கள் குறிப்பிடும் விருதுகள், அதாவது 2013இல் ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கமும் 2024இல் கென்னடி மையத்தின் கௌரவமும், அதற்கெல்லாம் வெகுகாலத்துக்குப் பிந்தியவை.

கியூபாவை அவர் விட்டுவிட்டார் என்று சொல்வதையும் என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவில் வாழத் தொடங்கியபின் வெளியிட்ட தட்டுகளில் ஒன்றுக்கு 'டான்சோன்' என்று கியூபாவின் பழைய நடன இசையின் பெயரையே வைத்தார். அதற்கும் கிராமி கிடைத்தது. மயாமியில் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்து அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தார். தான் கற்றதை மாணவர்களுக்குத் திருப்பித் தருகிற ஒருவரை நன்றிகெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேட்பதற்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் இராகேரேவின் 1979 தட்டு. அதில் அவர் குழுவின் நடுவே எரிந்துகொண்டிருக்கும் இளைஞர். அடுத்து 2003இல் வந்த 'டிரம்பெட் எவல்யூஷன்'. கிங் ஆலிவர் தொடங்கி வின்டன் மார்சலிஸ் வரை முன்னோர்கள், சமகாலத்தவர்கள் ஒவ்வொருவரின் பாணியிலும் வாசித்திருக்கிறார். பிறர் குரல்களை இவ்வளவு அணுக்கமாகக் கேட்ட ஒரு காது எப்படிப்பட்டது என்று தெரியும். கடைசியாக 2012இல் வந்த 'டியர் டிஸ்'. கில்லெஸ்பியின் உருப்படிகளைப் பெரிய குழுவோடு வாசித்துவிட்டு, முடிவில் தன் ஆசானுக்காகத் தான் எழுதிய பாட்டைத் தானே பாடுகிறார். நான் மேலே குறைசொன்ன அதே எளிய குரல்தான். அந்த ஒரு பாட்டுக்கு வேறு குரல் வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள், வாதாடத் தயாராக இருக்கிறேன்.