மூன்று ஷேர் ஆட்டோக்களும் ஜீனோவும்

அன்புள்ள ஐயா,

தண்டையார்பேட்டையில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். தொடர்கள் பாடத்தில் பழைய கிரேக்கத் தத்துவஞானி ஜீனோவின் புதிரைச் சொன்னேன். ஓர் இடத்துக்குப் போக முதலில் பாதி தூரம், பிறகு மீதியில் பாதி, அப்புறம் அதிலும் பாதி என்று முடிவில்லாத துண்டுகளைக் கடக்க வேண்டும். ஆகவே போய்ச் சேரவே முடியாது என்பது ஜீனோவின் வாதம். “துண்டுகள் சிறுத்துக்கொண்டே போவதால் கூட்டுத்தொகை ஓர் எல்லைக்குள் நின்றுவிடும்” என்று விளக்கினேன். ஒரு பையன், “1/2, 1/3, 1/4 கூடத்தான் சிறுத்துக்கொண்டே போகுது மிஸ், அதுக்கு எல்லையே இல்லைன்னு சொல்றாங்களே?” என்றான். அவனுக்கு என்ன சொல்வது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பையன் பக்கம்தான் நியாயம். சிறுத்தால் மட்டும் போதாது; எந்த வேகத்தில் சிறுக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வகுப்பில் இதை ஷேர் ஆட்டோ வைத்தே காட்டிவிடலாம்.

மின்ட் மணிக்கூண்டுக்குச் சரியாக 1 கிலோமீட்டர் இருக்கிறது, ஆட்டோ நிமிடத்துக்கு 500 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (நடுவில் சிக்னலும் கண்டெய்னர் லாரியும் கிடையாது. கணக்கில்தான் அது நடக்கும்.) துண்டுகள் 500, 250, 125, 62.5 மீட்டர். ஆகும் நேரம் 1, 1/2, 1/4, 1/8 நிமிடம். வேகம் மாறாததால் தூரம் பாதியாகும்போது நேரமும் பாதியாகிறது. ஜீனோவுக்குப் பதில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது இந்த வரியைத்தான்.

இங்கே பலரும் ‘கூடுதல் = 1 + கூடுதலில் பாதி, ஆகவே 2’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதே வித்தையை 1 + 2 + 4 + 8 + … மீது போட்டுப் பாருங்கள்: கூடுதல் = 1 + இரண்டு மடங்கு கூடுதல், ஆகவே −1. கூட்டுத்தொகை ஒன்று இருக்கிறது என்று உறுதியான பிறகே அந்த வித்தை செல்லும். முதலில் பகுதிக் கூடுதல்களை எழுதவையுங்கள்: 1, 1½, 1¾, 1⅞. ஒவ்வொரு முறையும் 2-க்கு உள்ள குறை பாதியாகிறது. 2-ஐத் தாண்டுவதுமில்லை, 2-க்குக் கீழே வேறெங்கும் தேங்குவதுமில்லை. 2 நிமிடத்தில் ஆட்டோ மணிக்கூண்டில் நிற்கும்.

இப்போது பையனின் ஆட்டோ. அதே துண்டுகள், ஆனால் நேரம் 1, 1/2, 1/3, 1/4 நிமிடம். முதல் 750 மீட்டர் வரை இரண்டு ஆட்டோவும் பக்கத்தில் பக்கத்தில் போகும். மூன்றாவது துண்டுக்கு முதல் ஆட்டோ 15 விநாடி எடுத்தால் இது 20 எடுக்கும், நான்காவதுக்கு 7.5-க்குப் பதில் 15. பத்தாவது துண்டு ஒரு மீட்டருக்கும் சற்றுக் குறைவு, அதற்கு 6 விநாடி. 20 துண்டு முடியும்போது ஏறத்தாழ 3 நிமிடம் 36 விநாடி ஆகியிருக்கும். மணிக்கூண்டுக்கு 1 மில்லிமீட்டர்கூட மீதி இல்லை. ஆனாலும் அது போய்ச் சேராது.

காரணத்தை 14-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சின் நிக்கோல் ஒரெம் காட்டிவிட்டார். 1/3 + 1/4 அரையைவிடப் பெரியது. 1/5 முதல் 1/8 வரை நான்கையும் கூட்டினாலும் அரையைவிடப் பெரியது. அடுத்த எட்டும் அப்படியே. அரை அரையாக முடிவின்றி சேர்ந்தால் எந்த எல்லைக்குள் அடங்கும்? ஆனால் ஆமை வேகம்: கூடுதல் 10 நிமிடத்தைத் தாண்ட 12,367 துண்டு வேண்டும். கால்குலேட்டரில் தட்டிப் பார்க்கும் பிள்ளை ‘எங்கோ நின்றுவிடும்போல’ என்று ஏமாறுவது இதனால்தான். (44-ஆம் துண்டிலேயே மீதி தூரம் ஓர் அணுவைவிடச் சிறிது, நிஜ ரோட்டில் கேள்வி அங்கேயே முடிந்துபோகும்.)

யூடியூப் பார்க்கிற பிள்ளை எவனாவது 1 + 2 + 3 + … = −1/12 என்று கிளம்புவான். நம் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது ராமானுஜன் 1913-இல் இங்கிலாந்துக் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் அது இருக்கிறது. ஆனால் அங்கே கூடுதல் என்பதற்கே வேறு வரையறை. இந்தப் பாடத்தில் அதைக் கலக்காதீர்கள்.

பையன் அடுத்து, “அந்த ஆட்டோவின் வேகம் குறைந்து குறைந்து பூஜ்யத்தை நெருங்குகிறது, அதனால்தான் சேரவில்லை” என்பான். அதுவும் சரியல்ல. மூன்றாவது ஆட்டோவை விடுங்கள்: நேரம் 1, 1/4, 1/9, 1/16 நிமிடம். இது நடுவில் 60 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டி, பிறகு இதுவும் பூஜ்யத்தை நோக்கித் தேய்கிறது. ஆனால் 1/4 என்பது 1/(1×2)-ஐவிடச் சிறிது, 1/9 என்பது 1/(2×3)-ஐவிடச் சிறிது. 1/(1×2) = 1 − 1/2, 1/(2×3) = 1/2 − 1/3 என்று பிரித்தெழுதினால் நடுவில் உள்ளவை எல்லாம் அடிபட்டுப்போகும்; முதல் துண்டு நீங்கலாக மற்ற எல்லாம் சேர்ந்தும் 1 நிமிடத்தைத் தாண்டாது. கணிதவியலாளர் ஆய்லர் கண்ட சரியான விடை பையின் (π) வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 1.645 நிமிடம். ஒரே வேகத்தில் வந்த முதல் ஆட்டோவுக்கு 21 விநாடி முன்பே இது மணிக்கூண்டுக்கு வந்துவிடும்.