காரைக்குடியில் படித்துக்கொண்டே எடிட்டிங் அனுபவம் பெறுவது எப்படி?

முதுகலைத் தமிழ் படிப்பதாகவும், சென்னைக்குப் போய் ஏதாவது பதிப்பகத்தில் தங்கிக் கற்றுக்கொள்ள வசதியில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நானும் வெளியூரிலிருந்து வந்து காரைக்குடி விடுதியில் தங்கி அதே படிப்பைப் படித்தவன். இன்று புத்தகங்களைச் செம்மை செய்வதுதான் என் பிழைப்பு. சென்னைக்குப் போகாமலே தொடங்கலாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். தமிழறிஞர் ராய. சொக்கலிங்கன் 'ஊழியன்' பத்திரிகையை நடத்திய ஊர் இது. புதுமைப்பித்தன் கொஞ்ச காலம் அதில் உதவி ஆசிரியராக இருந்தார்.

நான் போனது செக்காலைப் பக்கம் இருந்த ஒரு சின்ன ஆப்செட் அச்சகத்துக்கு. மாலையில் இரண்டு மணி நேரம் சும்மா புரூஃப் (அச்சுக்கு முன் பிழை பார்க்க எடுக்கும் படி) பார்த்துத் தருகிறேன் என்று கேட்டேன். முதல் மாதம் முழுக்கக் கல்யாணப் பத்திரிகைதான். அதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) பத்திரிகையில் ஊர், வீட்டு விலாசம், கோவில், பிரிவு எல்லாம் வரும். ஒரே கோவில் ஒரே பிரிவு என்றால் பங்காளிகள், பெண் கொடுத்து எடுக்க மாட்டார்கள். பழைய பத்திரிகையின் கோப்பைத் திறந்து பெயரை மட்டும் மாற்றும்போது பெண் வீட்டுக் கோவிலும் பிரிவும் மாப்பிள்ளை வீட்டிலும் அப்படியே நின்றுவிட்டால், அண்ணனுக்கும் தங்கைக்கும் கல்யாணம் என்று அச்சடித்த மாதிரி. இலக்கணப்படி அதில் ஒரு பிழையும் இருக்காது. தகவலைத் தனியாக, மொழியைத் தனியாக, இரண்டு முறை படிக்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது.

அடுத்து மணிவிழா மலர் கொடுத்தார்கள். அறுபது, எண்பது கல்யாணங்களுக்கு மலரோ புத்தகமோ போட்டு வந்தவர்களுக்குக் கொடுப்பது இங்கே வழக்கம். ஒரு ஆச்சி தன் சின்ன வயதைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருந்தார். அதில் 'வளவுல உக்காந்து முறுக்குச் சுத்துவோம்' என்று ஒரு வரி. நான் 'வளவு' எழுத்துப்பிழை என்று நினைத்து, வந்த இடமெல்லாம் 'வளைவு' ஆக்கினேன். புரூஃபைப் பார்த்த ஆச்சி என்னை வீட்டுக்கே வரச்சொன்னார். முகப்பைத் தாண்டி உள்ளே கூட்டிப்போய், நடுவில் வானம் தெரிய, சுற்றிலும் தூண் நிற்கிற முற்றத்தைக் காட்டி, "இதுதான் தம்பி வளவு. இதுல எங்க வளைஞ்சிருக்கு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் பிறந்து வளர்ந்த இடத்தை அவர் எழுத்திலிருந்தே நான் அழித்திருந்தேன் என்பது அந்தத் தூணடியில் நிற்கும்போது உறைத்தது. அன்றிலிருந்து, தெரியாத சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலில் கேள்விக்குறிதான் போடுகிறேன். எழுதியவரைக் கேட்காமல் சொல்லை அடித்துத் திருத்துவதில்லை.

அச்சகத்தில் தெரியவரும் இன்னொரு விஷயம் காகிதக் கணக்கு. டெம்மி அளவுப் புத்தகத்தில் ஒரு பாரம், அதாவது ஒரே தாளில் சேர்த்து அச்சடித்து மடிக்கும் தொகுதி, 16 பக்கம். 96 பக்கத்தில் முடிந்த புத்தகத்தில் கடைசி நேரத்தில் ஒரு பத்தி சேர்த்து 97 ஆனால், அந்த ஒரு பக்கத்துக்காகக் காகிதமும் பிளேட்டும் (அச்சுத் தகடு) கூடும். அதனால்தான் எந்தக் கட்டத்தில் எதைத் திருத்தலாம் என்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. கையெழுத்துப் பிரதியை ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் புரூஃபில் விரல் வைத்துப் பார்ப்பதும் அங்கே கற்றதுதான். கண் தானாக நிரப்பிக்கொள்ளும் விட்டுப்போன வரியைக் காது பிடித்துவிடும்.

அச்சகம் கிடைக்கவில்லையென்றால், தன்னார்வலர்கள் சேர்ந்து நூல்களை ஏற்றும் இணைய நூலகமான தமிழ் விக்கிமூலம். ஸ்கேன் செய்த பழைய நூலின் பக்கமும், கணினி அதிலிருந்து எடுத்த எழுத்தும் அருகருகே இருக்கும். ஒப்பிட்டுத் திருத்தினால் பக்கம் மஞ்சளாகும். வேறொருவர் சரிபார்த்த பிறகே பச்சை. துணைக்கால் 'ர' ஆகியிருக்கும், ஒரே எழுத்தான 'கௌ' என்பது 'கெள' என்று இரண்டெழுத்தாகக் கிடக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான், ஆனால் தேடினால் அகப்படாது. நீங்கள் செய்த ஒவ்வொரு திருத்தமும் உங்கள் கணக்கில் பதிவாகும். நாளை வேலை கேட்கும்போது அதையே காட்டலாம்.

நண்பர்களின் ஆய்வேடுகளையும் பார்த்துக் கொடுங்கள். மொழி, ஒற்று, துணைநூற்பட்டியலின் சீர்மை வரைதான். கருத்தில் கை வைக்க வேண்டாம், அது அவர்களின் பட்டம்.

அச்சகத்துக்கு எப்போது போவது என்றால், தையிலும் வைகாசியிலும் போகாதீர்கள். முகூர்த்த வேலையில் யாருக்கும் தலை நிமிர நேரமிருக்காது. ஆடியில் போங்கள். மிஷின் ஓய்ந்திருக்கும், உட்காரவைத்துச் சொல்லித்தருவார்கள்.