எம்ஆர்ஐ அறிக்கையில் ‘மஜ்ஜையில் கொழுப்பு’ என்று வந்தால், அதற்கு ரத்தத்தில் கூடிய கொலஸ்ட்ரால்தான் காரணமா?

முதுகுவலிக்காக எம்ஆர்ஐ எடுத்ததில் ‘மஜ்ஜையில் கொழுப்பு மாற்றம்’ என்று ஒரு வரி வந்திருக்கிறது. அதே சமயம் ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் (‘கெட்ட கொலஸ்ட்ரால்’ என்பார்களே, அது) கூடுதலாக இருக்கிறது. ரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ரால்தான் எலும்புக்குள் போய்ப் படிகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தொடர்பு உண்டு. ஆனால் குழாயில் அழுக்கு படிவது மாதிரியான தொடர்பு இல்லை. மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல், அதாவது வேறு வேறு செல்லாக மாறக்கூடிய மூல செல், தனக்குள் கொலஸ்ட்ராலை எப்படிக் கையாளுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மஜ்ஜை செல்களை வளர்த்துப் பார்க்கும் ஆய்வகத்தில்தான் எனக்கு வேலை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அதற்கு முன் உங்கள் அறிக்கையை இன்னொரு முறை பாருங்கள். அதில் ‘மோடிக் இரண்டாம் வகை’ என்று இருந்தால், டிஸ்க்கை ஒட்டிய எலும்புப் பகுதியில் மட்டும் மஜ்ஜை கொழுப்பாக மாறியிருக்கிறது என்று பொருள். 1988-ல் மைக்கேல் மோடிக் குழுவினர் வகைப்படுத்தியது அது. டிஸ்க் தேய்மானத்தோடு சேர்ந்து வருவது, கொலஸ்ட்ரால் பேச்சே அங்கே வேண்டாம். முதுகெலும்பு முழுக்கப் பரவலாகக் கொழுப்பு என்று இருந்தால் முதலில் வயதைப் பார்க்க வேண்டும். பிறக்கும்போது மஜ்ஜை அநேகமாக முழுவதும் ரத்த அணுக்களை உண்டாக்கும் சிவப்பு மஜ்ஜைதான். கை கால் நுனிகளிலிருந்து தொடங்கி உள்நோக்கி மெல்ல மெல்லக் கொழுப்பு நிறைந்து மஞ்சளாகிறது. வளர்ந்தவர்களின் மஜ்ஜையில் பாதிக்கு மேல், சிலருக்கு 70% வரைகூடக் கொழுப்பு இருக்கும். ஒல்லியான, ஆரோக்கியமான ஒருவரின் மொத்த உடல் கொழுப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு எலும்புக்குள்தான் இருக்கிறது. ஆகவே ‘கொழுப்பு’ என்ற சொல்லைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம்.

இவ்வளவு பெரிய திசுவை மருத்துவ உலகம் வெகுகாலம் வெறும் இடம் நிரப்பி என்றே நினைத்தது. அதற்கு ஒரு காரணம் கண்ணாடித் தகட்டிலேயே இருக்கிறது. மஜ்ஜைத் துணுக்கை மைக்ராஸ்கோப்புக்குத் தயார் செய்யும்போது ஆல்கஹாலிலும் சைலீனிலும் முக்கி எடுப்போம். கொழுப்பும் கொலஸ்ட்ராலும் அதில் கரைந்து போய்விடும். கடைசியில் தகட்டில் தெரிவது வெள்ளை வெள்ளையாக வட்ட ஓட்டைகள், ஓட்டையின் ஓரத்தில் நசுங்கிய ஒரு நியூக்ளியஸ், அவ்வளவுதான். ஆராய வேண்டிய பொருளை நாமே கழுவிக் கொட்டிவிட்டு, உள்ளே ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டிருந்தோம். ஆஸ்டியோபொரோசிஸ் என்ற எலும்பு மெலிவு நோய் உள்ளவர்களின் மஜ்ஜையில் மற்ற செல்களின் இடத்தைக் கொழுப்புச் செல்கள் பிடித்துக்கொள்கின்றன என்று பியர் முனியே குழுவினர் 1971-லேயே எழுதினார்கள். அது உரிய கவனம் பெறப் பல ஆண்டுகள் ஆயின.

எலும்பைக் கட்டும் செல்லும் மஜ்ஜைக் கொழுப்புச் செல்லும் ஒருதாய்ப் பிள்ளைகள். ஒரே ஸ்டெம் செல்லில் ரன்க்ஸ்2 என்ற புரதம் ஓங்கினால் எலும்புச் செல் வரும், பிபிஏஆர்-காமா ஓங்கினால் கொழுப்புச் செல் வரும். வளர்ப்புத் தட்டில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நீளமாக, ஒல்லியாகக் கிடக்கும் செல் சில நாட்களில் உருண்டு திரளும். உள்ளே பளபளக்கும் சின்னத் துளிகள் தோன்றும், பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். ஆயில் ரெட் ஓ சாயத்தை ஊற்றினால் துளிகள் மட்டும் சிவப்பாகத் தெரியும். வேறு மருந்து போட்டு வளர்த்த பக்கத்துத் தட்டில், அதே ஸ்டெம் செல்கள் சுண்ணாம்புச் சத்தைப் படியவைத்துக்கொண்டிருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

இந்தத் தேர்வில் கொலஸ்ட்ரால் எங்கே நுழைகிறது? லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஃபர்ஹாத் பர்ஹாமி குழுவினர் 1999-ல் ஒன்றைக் காட்டினார்கள். ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்டிஎல்லை மஜ்ஜை ஸ்டெம் செல்களுக்குக் கொடுத்தால் அவை எலும்பாவதை விட்டுவிட்டுக் கொழுப்பின் பக்கம் சாய்கின்றன. ரத்தக்குழாயைக் கெடுக்கும் அதே பொருள் எலும்புக்குள்ளும் வேலையைக் காட்டுகிறது. பின்னாளில் அதே குழு, 20எஸ்-ஹைட்ராக்சி கொலஸ்ட்ரால் போன்ற சில ஆக்சிஸ்டெரால்கள் ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞைப் பாதையைத் தூண்டி, செல்லை எலும்பின் பக்கம் திருப்புவதையும் கொழுப்பாவதைத் தடுப்பதையும் கண்டது. ஆக்சிஸ்டெரால் என்பது கொலஸ்ட்ராலில் ஓர் ஆக்சிஜன் கூடுதலாக ஒட்டிய வடிவம், அவ்வளவுதான். அந்த ஆக்சிஜன் எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதில் எல்லாம் மாறிப்போகிறது. 27-ஆம் இடத்தில் ஒட்டினால் கிடைக்கும் பொருள் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளோடு இணைந்து, எலும்பில் ஈஸ்ட்ரோஜனுக்கு எதிராக வேலை செய்கிறது. அது கூடிய எலிகளுக்கு எலும்பு அடர்த்தி குறைந்தது. ‘நல்ல கொழுப்பு, கெட்ட கொழுப்பு’ என்ற பொதுவான பேச்சு மஜ்ஜை வாசலிலேயே நின்றுவிடுகிறது.

‘நல்ல கொலஸ்ட்ரால்’ எனப்படும் எச்டிஎல் பக்கமும் சான்று இருக்கிறது. எச்டிஎல்லின் முக்கியப் புரதமான ஏபோ ஏ-1 இல்லாமல் பிறக்கவைத்த எலிகளில் எலும்பு குறைந்து, மஜ்ஜையில் கொழுப்புச் செல்லுக்கான முன்னோடிகள் கூடின. மனிதர்களில், உடல் பருமன் உள்ளவர்களை மிரியம் பிரெடெல்லா குழுவினர் ஆராய்ந்தபோது, ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு கூடியவர்களுக்கு மஜ்ஜைக் கொழுப்பு கூடுதலாகவும் எச்டிஎல் கூடியவர்களுக்குக் குறைவாகவும் இருந்தது. இது சேர்ந்து காணப்படுவது. ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்பதற்கு இது நிரூபணம் ஆகாது.

என்னை மிகவும் யோசிக்கவைத்தது 2020-ல் ஃபிரான்சிலிருந்து வந்த ஒரு மனித ஆய்வு. இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களின் மஜ்ஜைக் கொழுப்புச் செல்லையும், அதே ஆளின் தோலடிக் கொழுப்புச் செல்லையும் எடுத்து ஒப்பிட்டார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. வேலையில் அப்படியில்லை. தோலடிச் செல்லைத் தூண்டினால் கொழுப்பை உடைத்து வெளியே விடும். மஜ்ஜைச் செல் அசையவில்லை, ஏனென்றால் கொழுப்பை உடைப்பதில் கடைசிக் கட்டத்தைச் செய்யும் மோனோஅசைல்கிளிசரால் லைபேஸ் என்ற என்சைம் அதில் மிகக் குறைவு. அதே சமயம் கொலஸ்ட்ராலைக் கையாளும் ஏற்பாடுகள் அதில் தூக்கலாக இருந்தன. பட்டினி கிடந்து அனோரெக்சியா நெர்வோசா நோயால் உடல் வற்றியவர்களுக்கும் மஜ்ஜைக் கொழுப்பு குறையாமல் கூடுவது ஏன் என்று புரிந்துகொள்ள இது உதவுகிறது. வயிற்றுக் கொழுப்பு போல அவசரத்துக்கு எடுத்துச் செலவழிக்கும் சேமிப்பு இல்லை இது.

அப்படியானால் கொலஸ்ட்ரால் மாத்திரை எலும்பையும் காக்குமே என்று தோன்றும். வளர்ப்புத் தட்டில் அப்படித்தான் நடக்கிறது: கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் வகை மருந்தான லோவாஸ்டாட்டினைக் கொடுத்தால் பிபிஏஆர்-காமா அடங்கி ரன்க்ஸ்2 எழுகிறது. ஸ்டேட்டின் எலி எலும்பை வளர்க்கிறது என்று 1999-ல் கிரெகரி மண்டி குழுவினர் எழுதியபோது பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. ஆனால் 17,802 பேர் கலந்துகொண்ட ஜூப்பிட்டர் ஆய்வில், ரோசுவாஸ்டாட்டின் என்ற ஸ்டேட்டினை எடுத்தவர்களுக்கு எலும்பு முறிவு குறையவில்லை. விழுங்கிய ஸ்டேட்டினில் பெரும்பகுதியைக் கல்லீரலே பிடித்துக்கொள்கிறது, எலும்புக்கு வந்து சேர்வது சொற்பம். கொலஸ்ட்ரால் உற்பத்தியாகும் அதே மெவலோனேட் பாதையை, ஸ்டேட்டின் தடுக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே தடுப்பவைதான் ஆஸ்டியோபொரோசிசுக்குத் தரும் அலென்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம் போன்ற மருந்துகள். அவை எலும்பிலேயே ஒட்டிக்கொள்பவை, அதனால் அங்கே பலிக்கின்றன.

எனவே ஸ்டேட்டினை உங்கள் மருத்துவர் எழுதினால் இதயத்துக்காக எடுங்கள். எலும்புக்காக என்று நினைத்துக் கேட்டு வாங்கவும் வேண்டாம், எலும்பைக் கெடுக்கும் என்று பயந்து நிறுத்தவும் வேண்டாம். மஜ்ஜைக் கொழுப்பு பரவலாக இருந்து, வயது ஐம்பதைத் தாண்டியிருந்தாலோ, மாதவிடாய் நின்றிருந்தாலோ, நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்திருந்தாலோ, டெக்ஸா ஸ்கேன் எடுத்து எலும்பு அடர்த்தியைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். ரத்த அணுக்களின் எண்ணிக்கையில் குறை இருந்தால் அந்த அறிக்கையையும் எம்ஆர்ஐ அறிக்கையோடு சேர்த்தே மருத்துவரிடம் காட்டுங்கள்.