அப்பாவுக்குச் சிறுநீர் குறைவது பற்றி

வணக்கம் சகோதரி. வயிற்று டயாலிசிஸ் (வயிற்றுக்குள் திரவம் விட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்வது) தொடங்கி எட்டு மாதத்தில் அப்பாவின் சிறுநீர் ஒரு லிட்டரிலிருந்து 600 மில்லிக்கு இறங்கிவிட்டது, முழங்கால் வலிக்கு தினமும் மாத்திரை போடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உறுத்துவது அந்த மாத்திரைதான். டைக்ளோபினாக், ஐபுபுரோஃபென் வகை என்றால் இன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையே அவை குறைக்கும். செம்பூரில் என் அம்மாவுக்கும் இதேதான் நடந்தது. தெருமுனை மெடிக்கலில் சீட்டு இல்லாமலே கொடுத்துவிட்டார்கள்.

டயாலிசிஸ்தான் செய்கிறோமே என்று மிச்சமிருக்கும் சிறுநீரகத்தை விட்டுவிடாதீர்கள். கனடா, அமெரிக்க நோயாளிகளிடம் நடந்த ஆய்வை 2001இல் மறுபடி அலசியபோது, தினமும் கூடுதலாக வந்த ஒவ்வொரு 250 மில்லி சிறுநீருக்கும் இறப்பு அபாயம் 36 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. அந்த 600 மில்லி பெரிய சொத்து, சகோதரி.

அப்புறம், மும்பையின் அக்டோபர் வெயிலில் பேதி, வாந்தி வந்து உடம்பு வறண்டால் மிச்சமும் போய்விடும். எடையையும் பிபியையும் தினமும் குறித்து வையுங்கள். திடீரென்று இறங்கினால், சர்க்கரைச் செறிவு கூடிய டயாலிசிஸ் திரவப் பையைப் போடும் முன் (அது உடம்பிலிருந்து நீரை அதிகமாக இழுக்கும்) டயாலிசிஸ் நர்ஸிடம் கேளுங்கள். சாயம் ஏற்றி சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னாலோ, ஜென்டாமைசின், அமிகாசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி எழுதினாலோ, அவை மிச்சமிருக்கும் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால், "இவருக்கு இன்னும் சிறுநீர் வருகிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் சிறுநீரகத்தைக் காக்க ராமிப்ரில், டெல்மிசார்டான் வகை பிபி மாத்திரை பொருந்துமா என்றும் கேட்கலாம். பொட்டாசியத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். நீர் பிரியக் கொடுக்கும் ஃபுரோசமைடு மாத்திரை சிறுநீரின் அளவைக் கூட்டும், அவ்வளவுதான்; சிறுநீரகத்தைக் காக்காது.

24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை கடைசியாக எப்போது செய்தீர்கள்?